ஆறாம் தரத்துக்கு மகளை எங்கே சேர்ப்பது: நகரத்துப் பெரிய கல்லூரியா, தோட்டத்துப் பாடசாலையா?

கேள்வி: பிள்ளைமடுவத்து அம்மா

நுவரெலியா மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறோம். தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் நான் வேலை செய்கிறேன். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் பெரும்பாலும் இரவு வேலை பார்க்கிறார். எங்கள் மூத்த மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைச் சிறிதளவே தாண்டியிருக்கிறாள். நகரத்திலுள்ள பெரிய தமிழ்க் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்கும் என்று வகுப்பாசிரியை சொன்ன நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது.

அந்தக் கல்லூரி 1 ஏபி தரப் பாடசாலை. உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் என எல்லாப் பிரிவுகளும் உண்டு. எங்கள் தோட்டப் பாடசாலையில் பதினோராம் தரம் வரை மட்டுமே வகுப்புகள் உள்ளன. விஞ்ஞானத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடங்கள் போய்விட்டன. ஆனால் அங்கே அதிபருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். மகள் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் என்னிடம் காரணம் கேட்பார்.

பெரிய கல்லூரிக்குப் போவதென்றால் காலை ஐந்தரைக்கே பனிமூட்டத்துக்குள் இறங்கி வீதி வரை நடந்து, பிறகு ஒரு மணிநேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும். பதினொரு வயதுப் பெண்பிள்ளையை இப்படி அனுப்ப மனம் துணியவில்லை. கேட்பவர்கள் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எங்கள் மேல் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) அங்கே போன ஒரு பையன் இன்று பொறியியல் படிக்கிறான். அதே வருடம் அதே கல்லூரியில் சேர்ந்த இன்னொரு பையன் ஒன்பதாம் தரத்தோடு நின்று கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். இருவரும் ஐந்தாம் தரம் வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

உங்கள் பிள்ளைகளை இத்தகைய பெரிய கல்லூரிகளில் படிக்க வைத்தவர்களும், அங்கே படித்தவர்களும், கேள்விப்பட்டதை விட்டுவிட்டு உங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: இரு பிள்ளைகளின் தந்தை

அக்கா, என் இரண்டு பிள்ளைகளும் இப்படியான ஒரு பெரிய கல்லூரியில்தான் ஆறாம் தரத்திலிருந்து படித்தார்கள். நான் கண்டது என்னவென்றால், இருவரும் ஒரே வாசலால் உள்ளே போனார்களே தவிர, ஒரே பாடசாலையில் படிக்கவில்லை.

மூத்தவன் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்ததால் ஆறாம் தரத்தின் சமாந்தர வகுப்புகளில் முதலாவதில் போட்டார்கள். அந்த வகுப்புக்கு எல்லாப் பாடங்களுக்கும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருந்தார்கள். சாதாரண தர வருடத்தில் கணித ஆசிரியர் பாடசாலை விட்ட பின்னரும் நான்கு மணி வரை நின்று கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தார், ஒரு ரூபா வாங்கவில்லை. அவரை நான் என் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போனான்.

இளையவள் ஐந்து சமாந்தர வகுப்புகளில் நான்காவது வகுப்பில் இருந்தாள். அந்த வகுப்புக்கு இரண்டு வருடங்களில் மூன்று கணித ஆசிரியர்கள் மாறினார்கள். ஒருவர் பிரசவ விடுமுறையில் போனார், ஒருவர் இடமாற்றம் பெற்றார், இடையில் பல வாரங்கள் அந்தப் பாடவேளைக்கு யாருமே வரவில்லை. ஒரு தவணை முழுவதும் கையொப்பம் இடப்படாத அவளுடைய கொப்பியை எட்டாம் தரத்தின் இறுதியில்தான் நான் திறந்து பார்த்தேன். அது என் தவறும்தான். பெற்றோர் கூட்டங்களை வார நாட்களில் காலை பத்து மணிக்கு வைப்பார்கள். நான் மலையில் வேலை செய்பவன். ஒரு கூட்டத்துக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், இல்லை. 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்ட பின்னரும், குறித்த கிலோ பறிக்காத நாளில் அரைப்பேர் போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் நிற்கவில்லை. அப்படியிருக்க, மூன்று கூட்டங்களுக்கு ஒரு கூட்டத்துக்குத்தான் என்னால் போக முடிந்தது. வராத பெற்றோரை அக்கறை இல்லாதவர்கள் என்று மேடையில் சொன்னபோது மனம் மிகவும் நொந்தது.

வாசலில் ஒவ்வொரு வருடமும் சாதாரண தரத்தில் 9 ஏ (ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி) எடுத்த பிள்ளைகளின் படங்களோடு பெரிய பதாகை கட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் மகள் வெட்டுப்புள்ளிக்கு அருகில் எடுத்தவள் என்பதால், அந்தப் பதாகை அவளைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. சாதாரண தரத்துக்கு எத்தனை பேர் தோற்றினார்கள், அவர்களில் எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள் என்று கேளுங்கள். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். கடைசி வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் அறிய வேண்டும்.

பதில்: பழைய மாணவி, பேராதனை

அம்மா, நான் தோட்டப் பாடசாலையில் பதினோராம் தரம் வரை படித்து, உயர்தரத்துக்கு மட்டும் நகரத்துக் கல்லூரிக்குப் போனவள். இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஆகவே, இங்கேயே படித்துவிட்டுப் பன்னிரண்டாம் தரத்துக்கு அங்கே போகலாமே என்று பலர் உங்களுக்குச் சொல்லக்கூடிய வழி எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லலாம்.

அது முடியாத வழி அல்ல. ஆனால் நான் உயிரியல் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்தில், என் வகுப்பில் மற்ற எல்லோரும் நுணுக்குக்காட்டியைப் பல தடவைகள் கையாண்டிருந்தார்கள். நான் அதைப் பாடநூலின் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன். முதல் தவணையில் பௌதிகவியலுக்கு இருபது புள்ளிகளைத் தாண்டவில்லை. "தோட்டத்து ஸ்கூல் பிள்ளை" என்று சிலர் கூப்பிட்டார்கள், அவர்களுடைய பாட்டிமாரும் கூடை சுமந்தவர்கள்தான் என்பதை மறந்து. ஆறு மாதங்கள் நான் வகுப்பில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்னைக் காப்பாற்றியதும் அதே கல்லூரிதான். அங்கே நூலகம் இருந்தது, மதியம் திறந்திருந்தது. விடுதியில் இருந்த இரண்டு தோழிகள் ஒவ்வொரு நாளும் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தார்கள். பௌதிகவியல் ஆசிரியை நான் கேள்வி கேட்காததைக் கவனித்து, ஆய்வுகூடத்தில் தனியாக வைத்து முதலாம் அலகிலிருந்து தொடங்கினார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அந்த வசதி குறைந்த மாவட்டங்களில் ஒன்று. எனவே கொழும்பிலோ கண்டியிலோ போதாத இசட் புள்ளி (அனுமதிக்குக் கணக்கிடப்படும் உயர்தரப் புள்ளி) எங்கள் மாவட்டத்தில் ஒரு பிள்ளையை மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ கொண்டுபோகலாம். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடவே விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு முன் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் நன்றாகச் செய்திருக்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அது பெரும்பாலும் பிள்ளையின் தனி முயற்சியாகிவிடுகிறது.

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஆறாம் தரத்தில் அந்த வாய்ப்புக் கிடைத்திருந்தால் நான்காவது வகுப்பாக இருந்தாலும் போயிருப்பேன்.

பதில்: உயர்தர மாணவன்

நான் இப்போது ஒரு பெரிய கல்லூரியில் பதின்மூன்றாம் தரத்தில் படிக்கிறேன். தமிழ்மொழித் தினப் போட்டி, விளையாட்டு, வாத்தியக்குழு எல்லாவற்றிலும் இடம் உண்டு. அவை எனக்குத் தந்த தைரியம் பெரியது. குறை என்றால், மாணவிகளுக்கு மலசலகூடங்கள் போதாது, என் தங்கை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வீடு வருகிறாள். மற்றது டியூஷன். வகுப்பில் பாதியில் நிற்கும் அலகு சனிக்கிழமை தனியார் வகுப்பில் முடிகிறது. காசு இல்லாதவன் அந்தப் பாதியோடு பரீட்சைக்குப் போகிறான். சேர்க்கும்போதே அந்தச் செலவையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

முப்பது வருடங்களுக்கு மேல் மலையகப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்தேன். முதற்பாதி தோட்டப் பாடசாலையில், பிற்பாதி நகரக் கல்லூரியில். சகோதரியின் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன்.

நான் படித்த காலத்தில் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். நாட்டுக்கு 1945இல் வந்த இலவசக் கல்வி எங்கள் லயங்களுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே பாடசாலைகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மனியின் உதவியோடு உருவாகி எங்கள் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கியது. இவ்வளவும் நடந்த பிறகும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இல்லை என்று ஒரு தாய் எழுத வேண்டியிருப்பது எனக்கு வேதனை தருகிறது. பயிற்சி முடித்து வருபவர்கள் உள்தோட்டங்களில் தங்க வீடின்றி, பஸ்ஸின்றி, சில வருடங்களில் நகரத்துக்கு இடமாற்றம் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டுப் போனவன்தான்.

நகரக் கல்லூரியில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பாடவேளை அட்டவணை தயாரிக்கும்போது மூத்த ஆசிரியர்களாகிய நாங்கள் முதல் வகுப்புகளை எடுத்துக்கொள்வோம்; கடைசி வகுப்புகள் புதிதாக வந்தவர்களுக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டவர்களுக்கும் போகும். பெறுபேறு வந்ததும் எங்களுக்கு மாலை விழும். பதினோராம் தரத்தின் கடைசி வகுப்பை ஒரே ஒரு வருடம், ஒருவர் நோயுற்றதால், நான் எடுத்தேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பின்னங்களைக் கூட்டத் தெரியவில்லை. சோம்பேறிகள் என்று நாங்கள் ஆசிரியர் அறையில் பேசிய பிள்ளைகள் அவர்கள். ஏழாம் தரத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காததை நான்கு வருடங்களாக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் ஜனவரியிலிருந்து ஏழாம் தரக் கணக்கையே கற்பித்தேன். பலர் சாதாரண சித்தி பெற்றார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் நான் எடுக்காமல் விட்ட வகுப்புகளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே சகோதரி, கல்லூரியின் பெயரைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். உங்கள் தோட்டத்திலிருந்தோ அயல் தோட்டத்திலிருந்தோ அங்கே ஏழாம், எட்டாம் தரங்களில் கடைசி வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய், கணிதக் கொப்பியையும் விஞ்ஞானக் கொப்பியையும் வாங்கிப் புரட்டுங்கள். திகதிகள் இடைவெளியின்றி ஓடுகின்றனவா, பிழைகள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு மறுபடி செய்விக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியே உங்கள் தோட்டப் பாடசாலையின் கொப்பியையும் பாருங்கள். நல்ல கணித ஆசிரியர் ஒருவர் தோட்டப் பாடசாலையில் இருந்தால், பேராதனை மகளின் கருத்துக்கு மாறாக, சாதாரண தரம் வரை அங்கேயே வைத்திருங்கள் என்பேன். விஞ்ஞானத்தை ஓரளவு பின்னர் ஈடு செய்யலாம். கணிதத்தில் விட்ட படியை ஈடு செய்வது மிகக் கடினம்.

பயணத்தைப் பற்றி: மார்கழி, தை மாதப் பனியும் வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழையும்தான் சோதிக்கும். தனியாக அனுப்பாதீர்கள். இ.போ.ச.வின் (இலங்கைப் போக்குவரத்துச் சபையின்) சிசு சரிய என்ற பாடசாலை பஸ் உங்கள் வீதியில் ஓடுகிறதா என்று டிப்போவில் கேளுங்கள். அதில் கட்டணமும் குறைவு, ஏறுபவர்களும் பெரும்பாலும் பிள்ளைகள்.

மறுமொழி: பிள்ளைமடுவத்து அம்மா

அனைவருக்கும் நன்றி. சேர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கீழ்க் கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்) இரண்டு வீடுகளுக்குப் போய்க் கொப்பிகளைப் பார்த்தேன். நகரக் கல்லூரியில் எட்டாம் தரம் கடைசி வகுப்பில் படிக்கும் பிள்ளையின் கணிதக் கொப்பி ஒழுங்காக இருந்தது. புதிதாக வந்த ஓர் இளம் ஆசிரியை ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் இட்டு, இரண்டு இடங்களில் "மீண்டும் செய்க" என்று எழுதியிருந்தார். விஞ்ஞானக் கொப்பியில் ஒன்றரை மாதம் வெறுமையாக இருந்தது. எங்கள் தோட்டப் பாடசாலைக் கொப்பியில் கணிதம் பரவாயில்லை, விஞ்ஞானம் தொடங்கவே இல்லை.

மகளை நகரத்துக்கு அனுப்புவதாக நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். இரவு வேலை முடிந்து வரும் அவர் காலையில் வீதி வரை கூட்டிப்போவார். அவர் பகல் வேலையில் இருக்கும் வாரங்களில் அதே வழியால் போகும் இன்னும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தை மாதத்தில் ஒரு முறையாவது சம்பள நாள் அல்லாத சனிக்கிழமையில் வைக்கும்படி கேட்டு, எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரும் கையெழுத்திட்டு அதிபருக்குக் கடிதம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இரு பிள்ளைகளின் தந்தையான ஐயா, உங்கள் பக்கத்தில் யாராவது அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கடிதத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாகக் கொடுப்பதா, நேரடியாக அதிபரிடம் கொடுப்பதா நல்லது?

பதில்: இரு பிள்ளைகளின் தந்தை

தனியாகக் கேட்டேன், பதில் வரவில்லை. சேர்ந்து கேட்டதில்லை. நேரடியாக அதிபரிடம் கொடுத்து, ஒரு பிரதியைச் சங்கச் செயலாளரிடமும் கொடுங்கள் அக்கா. பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் மாதிரியை இங்கே போட்டால், எங்கள் தோட்டத்திலும் இந்த வாரமே எழுதுவோம்.