மூக்கு வைத்த ஸ்டூடிபேக்கர்: சாம்பியனா, கமாண்டரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

குலசேகரம் ரப்பர் எழுதியது:

வணக்கம். குலசேகரம் பக்கம் எங்கள் பாட்டாவின் பழைய வீட்டில், ரப்பர் ஷீட் காயப்போடும் புரைக்குப் பின்னால் ஒரு ஓட்டுச் சாய்ப்பு இருக்கிறது, அதில் ஒரு கார் நிற்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே ஓட்டம் நின்றுபோன வண்டி. ஊரில் எல்லோருக்கும் அது ‘ஏரோப்ளேன் காரு’தான், ஏனென்றால் முன்பக்கம் நட்ட நடுவில் விமான மூக்கு மாதிரி உருண்டையாக ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்டூடிபேக்கர் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் மாமா கமாண்டர் என்கிறார், சித்தப்பா சாம்பியன் என்கிறார், பக்கத்து வீட்டுப் பெரியவர் 53 மாடல் என்று அடித்துச் சொல்கிறார். ஆர்சி புத்தகம் கிடைக்கவில்லை. பானெட்டில் இருந்த எழுத்துகளும் உதிர்ந்துவிட்டன. வீட்டைப் பாகம் பிரிக்கப் போகிறார்கள், வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு. எனக்கு மனசே வரவில்லை. இது என்ன மாடல், எந்த வருஷம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா? தெரிந்தால்தான் வீட்டில் பேச முடியும்.

வடசேரி ஸ்பானர் எழுதியது:

தம்பி, முதலில் எடைக்குப் போடுகிற பேச்சை நிறுத்தி வையுங்கள்.

மூக்கு இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. அந்த மூக்கு 1950, 1951 இரண்டு மாடல் வருஷங்களில் மட்டும்தான் வந்தது. 52-இல் எடுத்துவிட்டார்கள், 53-இல் பாடியே அடியோடு மாறித் தாழ்வாகப் படுத்த மாதிரி ஆகிவிட்டது, ஆகையால் அந்தப் பெரியவர் சொல்வது சரியில்லை. கம்பெனி அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து சவுத் பெண்ட் ஊரில் இருந்தது, 1852-இல் கொல்லுப்பட்டறையில் குதிரை வண்டி செய்யத் தொடங்கியவர்கள். யுத்தம் முடிந்ததும் மற்ற பெரிய கம்பெனிகள் எல்லாம் பழைய பாடியையே தட்டிக்கொட்டி விற்றுக்கொண்டிருக்க, இவர்கள் 1947-க்கே புத்தம் புதுப் பாடி கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் வண்டி அந்தப் பாடிதான், மூக்கு மட்டும் பிறகு வந்தது. நாலு கதவு வண்டி என்றால் பின் கதவைத் திறந்து பாருங்கள், கீல் பின்பக்கம் இருக்கும், முன் கதவும் பின் கதவும் அலமாரிக் கதவு மாதிரி எதிரெதிராகத் திறக்கும்.

இனி சாம்பியனா கமாண்டரா என்பது. எழுத்தையும் சின்னத்தையும் நம்பாதீர்கள், எழுபது வருஷத்தில் யார் எதைக் கழற்றி எதில் மாட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும். டேப் எடுத்து முன் சக்கரத்தின் நடுவில் இருந்து பின் சக்கரத்தின் நடு வரைக்கும் அளந்து பாருங்கள். முன் சக்கரம் நேராக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். 1950 சாம்பியன் 113 அங்குலம். அதே வருஷத்துக் கமாண்டர் 120, அந்தக் கூடுதல் நீளம் முழுக்க பானெட் பக்கம்தான், உள்ளே உட்காருகிற இடம் இரண்டிலும் ஒன்றுதான். இதே கம்பெனியில் லேண்ட் குரூசர் என்று ஒன்று, அது 124, பின் சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம். 1951-இல் சாம்பியன், கமாண்டர் இரண்டையும் 115-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள், லேண்ட் குரூசர் 119.

அப்புறம் பானெட்டைத் தூக்கிப் பிளக்கை எண்ணுங்கள். எஞ்சின் தலையின் மேல் ஆறு பிளக் ஒரே வரிசையில் நட்டுவைத்த மாதிரி நின்றால் ஆறு சிலிண்டர். பக்கத்துக்கு நாலு வீதம் பிரிந்திருந்தால் வி8, அது 1951-இல் கமாண்டருக்கும் லேண்ட் குரூசருக்கும் புதிதாக வந்தது, 120 குதிரைசக்தி. சாம்பியனுக்குக் கடைசி வரை ஆறுதான், இந்த இரண்டு வருஷத்திலும் 2.8 லிட்டர், 85 குதிரைசக்தி. 1950 கமாண்டரும் ஆறு சிலிண்டர்தான், ஆனால் பெரிய எஞ்சின், அதனால்தான் பிளக் எண்ணிக்கை மட்டும் போதாது என்கிறேன், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முன் கதவுத் தூணில் ஒரு சின்னத் தகடு இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துப் படம் எடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

மார்த்தாண்டம் பழையவண்டி எழுதியது:

வடசேரி அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. நம் நாட்டில் அப்போது இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஸ்டூடிபேக்கர் காரும் லாரியும் பூட்டி விற்றார்கள், அதனால் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதைப் பார்த்து யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று, ஆர்சி தேடும்போது நாகர்கோவில் ஆர்டிஓ ஆபீசோடு நிறுத்திவிடாதீர்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், வண்டி அதற்கு முன்னால் பதிந்ததாக இருந்தால் கட்டு வேறு எங்காவது இருக்கும். பாட்டாவின் பத்திரப் பெட்டியில் பழைய வரி ரசீது, இன்சூரன்ஸ் காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள், நம்பர் ஒன்று கிடைத்தால் போதும்.

குளச்சல் காத்து எழுதியது:

மாடல் எதுவாக இருந்தாலும், தயவுசெய்து பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம் மக்கா! 1955 வரைக்கும் ஸ்டூடிபேக்கர் எல்லாம் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியோடு இணைவது பிளஸ் வயர். என்னுடைய பழைய வண்டி ஒன்றும் இதே மாதிரி 6 வோல்ட்தான், ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு மதியம் சாப்பிடப் போய் வருவதற்குள் 12 வோல்ட் பேட்டரியை, அதுவும் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். மீட்டர் பல்பு எல்லாம் கறுத்து, டைனமோவும் போய்விட்டது. சரிபண்ண எட்டு மாதம் அலைந்தேன்.

பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு நாலைந்து நாள் ஊற விடுங்கள், பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். பின் சக்கர ஹப்பை யாரும் சுத்தியலால் தட்ட விடாதீர்கள், ஆக்சில் கூம்பு வடிவம், அதற்கு உரிய புல்லர் போட்டால்தான் வரும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கும், மேலே எல்லாம் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

அண்ணாச்சிகளே, இன்று காலையில் போனேன். வாகைப் பலகை இரண்டை வண்டிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள், அதை நகர்த்தவே ஒரு மணி நேரம். டயர் நாலும் மண்ணில் பதிந்து கிடக்கிறது. தச்சரின் டேப்பைப் பிடித்து நானும் தங்கச்சியும் மூன்று தடவை அளந்தோம், இரண்டு பக்கமும் 115. பானெட்டுக்கு அடியில் ஏர் பில்டர் மேல் எலிக்கூடு, தும்பும் பழைய சீட்டுத் துணியும் சேர்த்துக் கட்டியது. அதை எடுத்தபிறகு பிளக்கை எண்ணினேன். ஆறு. ஒரே வரிசை. பின் கதவும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் திறந்தது, கிறீச் என்று ஒரு சத்தம், அம்மா அடுக்களையில் இருந்து ஓடி வந்துவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குச் சின்ன வயசில் இருந்து ஞாபகமாம். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி தனியாக இருக்கிறது, இழுத்தால் வருகிறது, அது என்ன?

வடசேரி ஸ்பானர் எழுதியது:

மூக்கு இருக்கிறது, 115 அங்குலம், ஆறு பிளக். அப்படியென்றால் 1951 சாம்பியன். சித்தப்பா சொன்னதுதான் சரி, அதை அவரிடமே சொல்லுங்கள், எடைக்குப் போடுகிற எண்ணம் கொஞ்சம் இளகும்.

அந்தக் கைப்பிடி ஓவர்டிரைவுக்கு, அதாவது வேகமாகப் போகும்போது எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியருக்கு, உரியதாக இருக்க வேண்டும், கேட்டு வாங்கினால் மட்டும் கிடைத்த சமாச்சாரம். உள்ளே தள்ளியிருந்தால் மெதுவாகப் போகும்போது எஞ்சின் பிரேக் பிடிக்காது, வண்டி சும்மா உருளும். பேச்சிப்பாறையில் இருந்து இறங்குகிற மாதிரி ரோட்டில் அதை வெளியே இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், புல்லரும் 6 வோல்ட் பேட்டரியும் கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் சாய்ப்பில் ஓடு ஒழுகுகிறதா என்று மட்டும் பாருங்கள்.