மாலேரிச் செம்மண்ணில் கிடைத்த துண்டுகள்: உங்களை இன்னும் உறுத்தும் எலும்பு எது?

செம்பாறை:
தெலங்கானாவில் பழங்கால விலங்குகளின் புதைபடிவ எலும்புகள் கிடைக்கும் மாலேரிப் படிவுகளில், முதுகலை மாணவனாக இருந்தபோது நான் எடுத்த மூன்று துண்டுகள் இன்றும் என்னை உறுத்துகின்றன. நான்கு பற்குழிகள் தெரிந்த மூக்குத் துண்டு, ஒரு கவசத் தகடு, மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு ஆகிய மூன்றும் ஒரே ஓடைக்கரையில் கிடந்ததால், ஒரே பையில் இட்டு, 'ஃபைட்டோசார்' (முதலையைப் போன்ற தோற்றமுள்ள, அழிந்துபோன ஊர்வன) என்று சீட்டும் எழுதிவிட்டேன். அன்றிரவு விளக்கின் அருகே அவற்றைப் புரட்டிப் பார்த்த பேராசிரியர், "இவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததை நீ கண்ணால் பார்த்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. ஒப்பிட்டபோது, அந்த அடிப்பகுதி எலும்பு தரையில் வாழ்ந்த தாவர உண்ணியான ரைங்கோசாருடையது என்று தெரிந்தது.

ஆற்றுமணல்:
ஒரே பையில் இட்டதே குற்றம் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஓடையில் கிடந்தன என்பதும் ஒரு தகவல்தான். எனக்குக் கிடைத்தது நீண்ட மூக்கின் முன்பகுதி. முதலைக்கு இருப்பதுபோல் நுனியில் நாசித்துளை இல்லாததால், நுனி உடைந்துபோனது என்றே குறிப்பேட்டில் எழுதினேன். ஊசியால் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, எலும்பு வழுவழுப்பாக வளைந்து முடிவதைக் கட்டைவிரல் உணர்ந்தது. உடைந்த விளிம்பு எங்கும் இல்லை. ஃபைட்டோசாருக்கு நாசித்துளை கண்களுக்கு அருகில் இருக்கும் என்று படித்திருந்தும், கையில் இருந்ததை முதலையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோதாவரிக் கரை:
ஒரே ஒரு பல்லை நம்பிப் பேரினப் பெயர் எழுதி, பிறகு அதைத் திரும்பப் பெற்றவன் நான். ஆற்றுமணல் சொல்வதில் பாதிதான் சரி: பை ஒன்றாக இருக்கலாம், எண் ஒன்றாக இருக்கக் கூடாது. 1885இல் தொல்லுயிரியலாளர் லிடெக்கர் ஒரு ஃபைட்டோசாருக்குப் பாராசூகஸ் ஹிஸ்லோப்பி என்று பெயரிட்டபோது அவர் முன் இருந்தவையும் மூக்குத் துண்டு, தகடுகள், பற்கள், மண்டையோட்டு அடிப்பகுதி ஆகியவைதாம். அந்த அடிப்பகுதியும் ரைங்கோசாருடையது என்று பின்னர் தெரிந்தது. எஞ்சிய மூக்குத் துண்டோ, பல ஃபைட்டோசார்களுக்கும் பொதுவான வடிவம் என்பதால், இனத்தைப் பிரித்துக் காட்டப் போதவில்லை. தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி 1978இல் விவரித்த, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முழு எலும்புக்கூடே அந்தப் பெயரைக் காப்பாற்றியது. 2003இல் விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் அந்த எலும்புக்கூட்டைப் புதிய பெயர்தாங்கி மாதிரியாக, அதாவது அந்தப் பெயர் எந்த விலங்கைக் குறிக்கிறது என்பதை நிர்ணயிக்கும் மாதிரியாக, ஏற்றது. மாலேரியில் கிடைத்த பாராசூகஸின் முழு எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில்கூட மாலெரிசாரஸ் என்ற வேறொரு ஊர்வனவின் எலும்புகள் கிடந்தன. ஒட்டிக் கிடப்பதும் உறவுக்குச் சான்றாகாது.

ஆகவே இளையவர்களுக்குச் சொல்கிறேன்: மண்ணிலிருந்து எடுக்கும் முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் கொடுங்கள், ஒன்றுக்கொன்று உள்ள தொலைவையும் கிடந்த திசையையும் வரைந்துவையுங்கள். குடும்பம் வரையில்தான் தெரிகிறது என்றால், சீட்டில் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செம்பாறை, அந்தக் கவசத் தகட்டை யாராவது தனியாக ஒப்பிட்டுப் பார்த்தார்களா?