ஒசாகாவில் ஒரு வருடம் மொழி படிக்க நகையை அடகு வைக்கலாமா?

திருநகர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரை திருநகர், வயது 24, ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஜப்பானிய மொழி வீட்டிலேயே படித்து, போன டிசம்பரில் சென்னைக்குப் போய் அந்த மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுதித் தேறிவிட்டேன். ஒசாகாவில் ஒரு மொழிப் பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் இருந்து படிக்க வேண்டும், நாரா, கியோட்டோ எல்லாம் பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. டோக்கியோவைவிட அங்கே வாடகை குறைவு என்கிறார்கள். ஒரு ஏஜென்ட், பார்ட் டைம் வேலையிலேயே ஃபீஸ், வாடகை எல்லாம் கட்டிவிட்டு வீட்டுக்கும் மாதாமாதம் அனுப்பலாம் என்கிறார். அப்பா நகையை வைத்துப் பணம் புரட்டுகிறேன் என்கிறார், அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். நான் சைவம்.

ஒத்தக்கடை யானைமலை:
தங்கச்சி, நான் அங்கே 4 வருடம் இருந்தேன், முதல் வருடம் உன்னை மாதிரி மொழிப் பள்ளி மாணவன்தான். அந்த ஏஜென்ட் சொன்னதை நம்பி நகையில் கை வைக்காதே. மாணவர் விசாவில் அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம், பள்ளி நீண்ட விடுமுறை விடும்போது மட்டும் நாளைக்கு 8 மணி நேரம். ஒசாகாவில் குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 1177 யென் ஆனது, முழுசாக 28 மணி நேரமும் கிடைத்தால்கூட மாதம் 1,40,000 யென் பக்கம்தான் வரும். அதில் வாடகை, சாப்பாடு, கரண்ட், காஸ், போன், ரயில், மருத்துவக் காப்பீடு எல்லாம் போனால் கையில் நிற்பது கொஞ்சம். பள்ளிக் கட்டணமோ வருடத்துக்கு 7, 8 லட்சம் யென், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு முன்பணமாகக் கேட்பார்கள். என்5 பேச்சுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் வேலை கிடைப்பதே பாடு.

வீட்டு விஷயம் சொல்கிறேன். மாத வாடகை பயமில்லை, ஒரு ஆள் அறை 40,000லிருந்து 55,000 யென்னுக்குள் கிடைக்கும். உள்ளே நுழையும்போது கொடுக்கிற பணம்தான் ஆளை அடிக்கும். ஷிகிகின் என்பது நம்மூர் அட்வான்ஸ் மாதிரி, கழித்தது போகத் திரும்பும். ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு மரியாதைப் பணம், திரும்பவே திரும்பாது. அதற்கு மேல் தரகு, ஜாமீன் கம்பெனிக்குப் பணம், தீ விபத்துக் காப்பீடு, முதல் மாத வாடகை. எல்லாம் சேர்த்து நான்கைந்து மாத வாடகை ஒரே நாளில் போய்விடும்.

நான் அப்படித்தான் ஒரு அறை எடுத்தேன். ஜனவரி மாதம், ராத்திரி சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் இல்லை. கூரையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி மட்டும் இருக்கிறது, விளக்கு நாம்தான் வாங்கி மாட்ட வேண்டுமாம். அடுப்பும் இல்லை. காஸ் ஆள் நேரில் வந்து, நாம் வீட்டில் இருக்கும்போதுதான் திறந்துவிடுவார், அதற்கு இரண்டு நாள் ஆனது. அதுவரை வெந்நீர் கிடையாது. கோட்டைக் கழற்றாமல் தரையில் படுத்தேன். இதெல்லாம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் போதும்.

அதனால் முதல் ஆறு மாதம் பள்ளி விடுதி, இல்லையென்றால் ஷேர் ஹவுஸ். பெண்களுக்கு மட்டும் உள்ளவையும் இருக்கின்றன, ரெய்கின் கிடையாது, கட்டிலும் விளக்கும் இருக்கும். அப்புறம் மாறு. நகரத்தின் நடுவில் உள்ள உமேதா, நம்பா பக்கத்திலேயே தேடாதே. ஹான்கியூ ரயிலில் அவாஜி, கின்தெட்ஸு ரயிலில் ஃபுசே மாதிரி இடங்களில் விலை இறங்கும், நீ திருநகரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகிற நேரத்துக்குள் நகரத்துக்குள் வந்துவிடலாம். யூஆர் என்கிற பொது நிறுவன வீடுகளில் ரெய்கின், தரகு, ஜாமீன் மூன்றும் இல்லை, ஆனால் அதற்கான வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும், மாணவிக்கு அது பெரிய தொகை.

அரசரடி டீச்சர்:
நான் மதுரையில் வீட்டில் இந்த மொழி சொல்லிக் கொடுக்கிறேன். அடுத்த நிலையான என்4 முடித்துவிட்டுப் போம்மா. அந்த ஆறு மாதப் படிப்பு இங்கே சில ஆயிரம் ரூபாயில் முடியும், அதே பாடத்தை அங்கே லட்சக்கணக்கில் கொடுத்துப் படிக்க வேண்டாம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இலக்கணம் தோளில் கை போட்ட மாதிரி வரும். "தபெதெ மிரு" என்றால் அப்படியே "சாப்பிட்டுப் பார்". "தபெதெ ஷிமத்தா" என்றால் "சாப்பிட்டுவிட்டேன்". நம் பளபளவுக்கு அவர்களிடம் பிகாபிகா, படபடவுக்கு தொகிதொகி. இங்கிலீஷ் வழியாகப் படிக்காதே, நேராகத் தமிழில் யோசித்துப் பழகு. அடிதடி எல்லாம் கான்ஜி என்கிற சீன எழுத்துகளில்தான், அன்றாடப் பட்டியலில் மட்டும் 2136 எழுத்து, அதற்குத் தினமும் உட்கார்ந்து எழுதுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இன்னொன்று, ஒசாகாக்காரர்கள் பேச்சே தனி. நன்றிக்கு "ஓகினி", கூடாது என்பதற்கு "அகன்", விலை கேட்க "நன்போ". பாடப் புத்தகத்தில் இருக்காது. மதுரைப் பேச்சைக் கேட்டு மெட்ராஸ்காரர்கள் முழிப்பதில்லையா, அது மாதிரி முதல் மாதம் காது பழகாது, பயப்படாதே.

வைகை வடகரை:
என் பையன் அங்கே வேலை பார்க்கிறான், 2023இல் நானும் வீட்டுக்காரியும் போய் ஒரு மாதம் இருந்தோம். அம்மாடி, ஊர் பார்க்க நிறையச் செலவு ஆகாது. ஒசாகாக் கோட்டையில் பூங்காவும் அகழியும் இலவசம், கோபுரத்துக்கு மட்டும் டிக்கெட், அந்தக் கோபுரம் 1931இல் காங்கிரீட்டில் கட்டியது, வெளியே நின்று பார்த்தாலே நிறைவு. மெட்ரோவில் ஒருநாள் பாஸ் சனி ஞாயிறில் விலை குறைவு.

நாராவுக்குக் கட்டாயம் போ. நம்பாவிலிருந்து கின்தெட்ஸு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். தோதாய்ஜி கோயில் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி, 736இல் கடல் வழியாக ஜப்பானுக்கு வந்து அன்றைய நானிவாவுக்கு, அதாவது இன்றைய ஒசாகாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் மதுரைக்காரர் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சிலைக்கு முன்னால் என் வீட்டுக்காரி கை கூப்பியபடி அரை மணி நேரம் நின்றாள், நான் கூப்பிடவே இல்லை.

சாப்பாட்டில் கவனம். காய்கறி உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று கொடுப்பார்கள், ஆனால் குழம்பில் மீன் சீவல் போட்டு ஊறவைத்த சாறு இருக்கும், அதைத்தான் தாஷி என்பார்கள். "தாஷி" இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு.

திருநகர்க்காரி:
அண்ணே, டீச்சர், ஐயா, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நகை வேண்டாம் என்றதும்தான் வாயைத் திறந்து பேசினாள். ஜூலையில் என்4 எழுதுகிறேன், அதுவரை சம்பளத்தைச் சேர்த்துவிட்டு ஏப்ரல் சேர்க்கைக்குப் போடுகிறேன். அண்ணே, மிக்ஸியும் இட்லிக் குண்டானும் எடுத்துப் போகலாமா?

ஒத்தக்கடை யானைமலை:
மிக்ஸி வேண்டாம், அங்கே கரண்ட் 100 வோல்ட், நம்ம மிக்ஸி சரியாக ஓடாது. ஏப்ரலுக்கு என்றால் அக்டோபர், நவம்பருக்குள் பள்ளிக்குத் தாள்கள் போய்விட வேண்டும், அப்பாவின் வங்கிக் கணக்கும் கேட்பார்கள், அதை இப்போதிருந்தே ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். குண்டான் சின்னதாக ஒன்று எடுத்துக்கொள், அலுமினியம் வேண்டாம். விடுதியில் இண்டக்‌ஷன் அடுப்பாக இருக்கலாம், கடையிலேயே அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கு.