ஒளிவினையூக்க ஓசோனேற்றம்: பெயரில் ‘சுத்திகரிப்பு’ தேவையா?

தருமபுரியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஒளி பட்டால் வேலை செய்யும் வினையூக்கியையும் ஓசோனையும் சேர்த்து நீரிலுள்ள மாசுகளைச் சிதைக்கும் முறைக்கு, நம் அகராதியில் சேர்க்க ‘ஒளி ஓசோன் சுத்திகரிப்பு’ என்ற பெயரை முன்மொழிந்திருக்கிறீர்கள். சொல்ல எளிதுதான், ஆனாலும் எதிர்க்கிறேன். எங்கள் மாவட்டத்தில் நீர் சுத்திகரிப்பு என்றதுமே ‘ஃபுளோரைடு போகுமா?’ என்றுதான் கேட்பார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரால் பல்லில் கறை படிந்தவர்கள் இங்கே ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதை முன்னிட்டுத்தான். ஃபுளோரைடு ஓர் அயனி. ஓசோனை எவ்வளவு செலுத்தினாலும் அது சிதையாமல் அப்படியே கிடக்கும். பெயரை நம்பிக் கருவி வாங்கியவருக்கு யார் பதில் சொல்வது?

நடப்பது ஆக்சிஜனேற்றம். டைட்டானியம் டைஆக்சைடின் மீது புறஊதா ஒளி படும்போது எலக்ட்ரான் ஒன்று மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற இடம் துளையாகிறது. இரண்டும் சட்டென்று மீண்டும் இணைந்துவிடுவதுதான் ஒளிவினையூக்கிகளின் தீராத தொல்லை. ஓசோன் அந்த எலக்ட்ரானைப் பறித்துக்கொள்வதால் துளைக்கு நீரோடு வினைபுரிய அவகாசம் கிடைக்கிறது. இரு வழியிலும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (radicals, எதனுடனும் சட்டென்று வினைபுரியும் துணுக்குகள்) பிறக்கின்றன. ஓசோனுக்கு மட்டும் எளிதில் மசியாத ஆக்சாலிக் அமிலம்கூட இவற்றின் முன் நிற்பதில்லை. எனவே ‘ஒளியூக்க ஓசோனேற்றம்’ என்கிறேன். ஆக்சிஜனேற்றம் படித்த மாணவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஓசூரிலிருந்து:

ஐயா, சுத்திகரிப்பை வெட்டியது சரி. புரோமைடு கலந்த நீரில் ஓசோன், புற்றுநோய் அபாயமுள்ள புரோமேட்டையே உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதையும் சுத்திகரிப்பு என்று எப்படி அழைப்பது?

ஆனால் ‘ஒளியூக்க’ உறுத்துகிறது. ஒளியே ஊக்கி என்று படித்துவிடுவார்கள். ஊக்கி வினைக்குப் பின்னும் மிஞ்சும், ஒளி செலவாகிவிடும். நடுவில் ‘வினை’ இருக்கட்டும். ஒளிவினை + ஊக்கி, ஒளி + வினையூக்கி, எப்படிப் பிரித்தாலும் பொருள் கெடாது. வினையூக்கிக்குப் பதிலாகப் பாடநூலின் ‘வினைவேகமாற்றி’யைக் கோத்தால் சொல் சரக்கு ரயிலாகிவிடும்.

எங்கள் ஊருக்கு அருகே தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பார்த்தவர்கள் இதை ஆற்றிலேயே செய்யலாமே என்கிறார்கள். நுரைக்கும் சலவைப்பொருள்களை இம்முறை சிதைக்கும் என்பது உண்மை. ஆனால் கலங்கல் நீரில் ஒளி உள்ளே இறங்காது. நீரைச் சுத்திகரிக்கும் ஆலையில் வடிகட்டிய பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் இதற்கு இடம். அகராதிக் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும்.

தருமபுரியிலிருந்து:

நல்லது அம்மா, ‘வினை’ இருக்கட்டும். முதலில் வந்த ‘ஒளி ஓசோன்’ இன்னொரு காரணத்தாலும் ஆகாது: ஊக்கியே இல்லாமல் புறஊதா ஒளியையும் ஓசோனையும் மட்டும் பயன்படுத்தும் முறை தனியாக இருக்கிறது. அதற்கு ‘ஒளி ஓசோனேற்றம்’ என்று வைப்போம். ஒளியின்றி ஊக்கி மட்டும் என்றால் ‘வினையூக்க ஓசோனேற்றம்’. பதிவு இப்படி அமையலாம்:

ஒளிவினையூக்க ஓசோனேற்றம்: ஒளியால் செயல்படும் வினையூக்கியும் ஓசோனும் சேர்ந்து, நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கும் முறை. தெளிந்த நீருக்கே ஏற்றது, ஃபுளோரைடை நீக்காது.

‘தனி உறுப்பு’ வேண்டாம் என்பவர்கள் அதைத் தனி இழையில் எழுப்புங்கள். இங்கே கலந்தால் இரண்டுமே முடியாது.