சந்தேகம்: மதுரை அறக்கட்டளையோடு சேர்ந்து மானியம் கேட்கிறோம், எங்கள் சங்கத்துக்கு 12ஏ இல்லை

மேல்மலைப்பூண்டு:

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் எங்கள் ஊர். இளைஞர்கள் சேர்ந்து ஒரு நற்பணிச் சங்கம் நடத்துகிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 2019இல் பதிவு செய்தது. பான் கார்டும் வங்கிக் கணக்கும் உண்டு. 12ஏ (சங்கத்துக்கு வருமானவரி விலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) எதுவும் இல்லை.

ஊருக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது. கோடையில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. அதற்குத் தொட்டி கட்டி ஊர் வரைக்கும் குழாய் இழுக்க வேண்டும், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் தொடங்க வேண்டும். மதுரையில் ஒரு அறக்கட்டளை, "சேர்ந்து விண்ணப்பிப்போம், பணம் வந்ததும் உங்கள் பங்கை உங்கள் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம்" என்கிறது. அவர்களிடம் 12ஏ, 80ஜி, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு) எல்லாம் இருக்கிறதாம். இப்போது எங்கள் லெட்டர்பேடில் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போட்டு நாலு தாள் அனுப்பச் சொல்கிறார்கள், எழுத வேண்டியதை அவர்களே எழுதிக்கொள்வார்களாம். அனுப்பலாமா? பங்கை மாற்றித் தருவது சட்டப்படி நடக்கிற காரியமா?

கணக்கர் திண்டுக்கல்:

வெற்றுத் தாளை அனுப்ப வேண்டாம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நாளைக்கு அந்தத் தாளில் "இத்தனை லட்சம் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதியிருந்தால் உங்கள் செயலாளரும் பொருளாளரும்தான் பதில் சொல்ல வேண்டும். வாசகத்தை அவர்கள் அனுப்பட்டும். நீங்கள் தட்டச்சு செய்து, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

அடுத்து, வருவது எந்தப் பணம்? இதைக் கேட்காமல் மற்ற எதையும் பேச முடியாது. வெளிநாட்டுப் பணம் என்றால் உங்கள் பங்கை உங்கள் கணக்குக்கு மாற்றவே முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 7ஆவது பிரிவு, வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதை முழுதாகத் தடுக்கிறது. உங்களுக்கே எஃப்சிஆர்ஏ இருந்தாலும் இதுதான் நிலை. முன்பு பதிவு பெற்ற இரண்டு அமைப்புகளுக்குள் கொடுத்து வாங்க வழி இருந்தது, அது போய்விட்டது. நிர்வாகச் செலவு உச்சவரம்பையும் அதே திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறக்கிவிட்டது. அதனால் உங்கள் அலுவலக வாடகைக்கு அதிலிருந்து ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதற்காகச் சேர்ந்து வேலை செய்யவே கூடாது என்று அர்த்தமில்லை. கொத்தனாருக்குக் கூலி, கடைக்குச் சிமெண்ட் பில், வகுப்பெடுக்கிற பெண்ணுக்குச் சம்பளம் எல்லாவற்றையும் அறக்கட்டளையே தன் கணக்கிலிருந்து நேராகக் கொடுக்கலாம். ஆள் திரட்டுவது, இடம் தருவது, மேற்பார்வை ஆகியவை உங்கள் பொறுப்பு. உங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் உங்கள் பெயரும் பொறுப்பும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

கோத்தகிரி அக்கா:

தம்பி, நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு மகளிர் குழு. சமவெளியில் இருக்கும் ஒரு அமைப்போடு சேர்ந்து வேலை செய்திருக்கிறோம். சட்டத்தைக் கணக்கர் சார் சொல்லிவிட்டார், நான் பட்ஜெட்டைச் சொல்கிறேன்.

கீழே உட்கார்ந்து பட்ஜெட் போடுகிறவர்கள் மணல், சிமெண்ட், கம்பி எல்லாவற்றுக்கும் கீழ் விலைதான் போடுவார்கள். மலைப்பாதையில் லாரி ஏறுகிற வாடகை, ஒரு இடத்தில் இறக்கிப் பிக்கப் வண்டிக்கு மாற்றுகிற கூலி, வண்டி போகாத இடத்துக்குத் தலைச்சுமை, உங்கள் மலையில் என்றால் பொதிக்குதிரை, இது எதுவும் அதில் இருக்காது. "இதர செலவு" என்று ஒரு வரி மட்டும் இருக்கும், அதில் எல்லாவற்றையும் அடக்கச் சொல்வார்கள். விண்ணப்பம் போன பிறகு இதைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம். அதனால் பட்ஜெட் தாளை இப்போதே கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டமாட்டோம் என்றால் அந்தக் கூட்டே வேண்டாம் என்பேன்.

எங்களுக்கு நடந்தது இதுதான். இரண்டாம் தவணை தாமதமாகிவிட்டது. கூலிக்காரர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள், சந்தையில் பார்த்தால் எங்களைத்தான் கேட்டார்கள். அந்த அமைப்பின் மேலாளரை யார் போய்க் கேட்பது? குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் கொடுத்தோம். இன்றைக்கு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், "தவணை வரும் வரை வேலை நிற்கும், உள்ளூர்ச் சங்கம் கைக்காசு போடாது" என்கிற வரி இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன். மழைக்காலத்தில் மேலே கட்டுமானம் நடக்காது என்பதையும் எழுதி வையுங்கள். மார்ச் மாதத்துக்குள் முடி என்று அவர்கள் நிதியாண்டைப் பார்ப்பார்கள், நம் மேகம் அதைப் பார்க்காது.

மேல்மலைப்பூண்டு:

நன்றி சார், நன்றி அக்கா. போன் போட்டுக் கேட்டேன். வெளிநாட்டுப் பணம் இல்லையாம், ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்காகக் கம்பெனி ஒதுக்குகிற பணம். அப்படியென்றால் எங்கள் கணக்குக்கு மாற்றலாமா? இன்னொன்று, ஊற்று இருக்கிற இடம் வனத்துறை எல்லைக்குள் வரும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

கணக்கர் திண்டுக்கல்:

சிஎஸ்ஆருக்கு எஃப்சிஆர்ஏ போல ஒரேயடியாகத் தடை இல்லை, ஆனால் அதுவும் அவ்வளவு சுலபமில்லை. 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆவது பிரிவில் வருகிற கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும். வெளி அமைப்பு மூலமாகச் செய்தால் அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி, மூன்று வருட வேலை அனுபவம், 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 பதிவும் (சிஎஸ்ஆர் வேலை செய்கிற அமைப்புகள் மத்திய அரசிடம் செய்துகொள்கிற பதிவு) வேண்டும். உங்களிடம் இவை இல்லை. மதுரைக்காரர்களிடம் சிஎஸ்ஆர்-1 இருக்கிறதா என்று கேளுங்கள். 12ஏ, 80ஜி இருந்தாலே அதுவும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

பணம் சொன்ன வேலைக்கே போனது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். நடுவில் சிஎஸ்ஆர்-1 பதிவில்லாத ஒரு சங்கத்தின் கணக்கு வழியாகப் பணம் போனால் அவர் முகம் சுளிப்பார். ஆகவே இதிலும் நேரடிச் செலவு வழிதான் நல்லது. கம்பெனிக்குப் போகிற திட்டத்தாளிலேயே களப் பங்காளி என்று உங்கள் பெயர் இருக்கட்டும்.

அடுத்த வருடமும் இவர்கள் பின்னால் நிற்க வேண்டாமென்றால் 12ஏ வாங்குங்கள். அதற்கு முன் சங்க விதிகளை எடுத்து ஒருமுறை படியுங்கள். நற்பணி மன்றங்களின் விதிகளில் பெரும்பாலும் "உறுப்பினர்களின் நலனுக்காக" என்று இருக்கும். வருமானவரித் துறை அதை அறப்பணியாக எடுத்துக்கொள்ளாது, பொதுமக்கள் நலன் என்று இருக்க வேண்டும். ஒரு சாதிக்கு மட்டும் என்று இருந்தாலும் சிக்கல் வரும், ஆனால் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்றால் சட்டமே விலக்குத் தருகிறது. சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாமல் இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்கிற விதியும் தேடுவார்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். வருடாந்தரக் கணக்கு தாக்கல் பாக்கி இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

தாண்டிக்குடி காப்பி:

நான் பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினராக இருந்தவன். வன எல்லை விஷயத்தை எல்லாரும் லேசாகத் தாண்டிப் போகிறீர்கள். வன நிலத்தில் அறக்கட்டளையோ சங்கமோ தாமாகத் தொட்டி கட்ட முடியாது, பணம் கையில் இருந்தாலும் வேலை நின்றுவிடும். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் குடிநீர், குழாய் போன்ற வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர வழி இருக்கிறது. ஆனால் அது அரசு நிர்வகிக்கிற வசதியாக இருக்க வேண்டும், கிராம சபை பரிந்துரையும் வேண்டும். ஆக தொட்டி பஞ்சாயத்துச் சொத்தாக இருப்பதுதான் வழி. அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள், மே 1, ஆகஸ்ட் 15 எது கிட்டே வருகிறதோ அதில்.

பஞ்சாயத்து சொத்து என்றால் நமக்கு நாமே திட்டத்தையும் பாருங்கள் தம்பி. கிராமப்புறத்தில் மக்கள் பங்களிப்பாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். கம்பெனிகளும் அந்தப் பங்கைக் கட்டலாம். கம்பெனி முழுத் தொட்டிக்கும் கொடுக்க நினைத்த பணம், இப்படிச் செய்தால் குழாய் வேலைக்கும் சேர்த்துக் காணும்.

கோத்தகிரி அக்கா:

அண்ணன் சொன்னது சரி. அப்படியென்றால் தொட்டியையும் மாலை வகுப்பையும் ஒரே விண்ணப்பத்தில் கட்டிப்போடாதீர்கள். வனத்துறை அனுமதி இழுத்தால் வகுப்பும் சேர்ந்து நிற்கும்.

மேல்மலைப்பூண்டு:

அப்படியே செய்கிறோம் அக்கா. மாலை வகுப்புக்கு மட்டும் அறக்கட்டளையோடு சேர்ந்து சிஎஸ்ஆர் கேட்கிறோம், ஆசிரியை சம்பளத்தை அவர்களே நேராகக் கொடுக்கட்டும். ஊற்று வேலை கிராம சபைக்குப் போகிறது. வெற்றுத் தாள் தரமாட்டோம், வாசகத்தை அனுப்புங்கள் என்று எழுதிவிட்டேன். பட்ஜெட் தாளும் கேட்டிருக்கிறேன். சார், சங்க விதிகளைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே "உறுப்பினர்களின் நலனுக்காக" என்றுதான் இருக்கிறது. திருத்த வாசகம் எழுதியதும் இங்கே போடுகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?

கணக்கர் திண்டுக்கல்:

போடுங்கள், பார்க்கிறேன். கலைப்பு விதியையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள், இரண்டு தடவை பொதுக்குழு கூட்ட வேண்டியிருக்காது.