வுண்டர்பர்க் வரை நடப்பது வீணா? பாம்பெர்க் பீர் பற்றி ஒரு விவாதம்

ரெக்னிட்ஸ்கரை:
ஜெர்மனியில் பாம்பெர்க் போகிறேன், எங்கே பீர் குடிக்கலாம் என்று திருச்சிக்காரன் கேட்டிருந்தார். இசார்கரை நேற்று அவருக்குக் கொடுத்த பதில்: "பழைய நகரத்தில் ஷ்லென்கெர்லா மதுக்கடையில் ஒரு புகை பீர் குடித்துவிட்டு ரயிலைப் பிடியுங்கள். வுண்டர்பர்க் பகுதி வரை நடந்தால் கேஸ் போன பீர்தான் கிடைக்கும்."

படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சுமார் எண்பதாயிரம் பேர் வாழும் சின்ன ஊர் அது. பழைய நகரத்திலிருந்து வுண்டர்பர்க் சுமார் இருபது நிமிட நடை. அங்கே 1670 முதல் இருக்கும் மார்ஸ் ப்ரொய், 1867 முதல் இருக்கும் கீஸ்மன் என்று ஒரே தெருவில் இரண்டு ப்ரூவரிகள். பக்கத்திலேயே மரியா ஹில்ஃப் தேவாலயம். மாலையில் அங்கே உட்கார்ந்து குடிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித் தெரியும்.

இவர் கேஸ் போன பீர் என்பது உங்கெஷ்புண்டெட் வகையை. தொட்டியை இறுக்கி அடைக்காமல் பீரைப் பதப்படுத்துவார்கள். அழுத்தம் ஏறாது, வாயுவில் ஒரு பகுதி வெளியே போய்விடும். தெரிந்தே செய்கிற வேலை இது. கேஸ் குறைவாக இருப்பதுதான் அதன் பக்குவம்.

இசார்கரை:
அண்ணே, பக்குவம் என்று நீங்கள் பெயர் வைத்துவிட்டால் கிளாஸுக்குள் கேஸ் வந்துவிடுமா? எங்கள் முனிச்சின் வெளிர் பீரான ஹெல்லஸை ஊற்றினால் நாக்கில் சுருக்கென்று ஏற வேண்டும். உங்கெஷ்புண்டெட் குடித்திருக்கிறேன். கேஸ் இல்லை, அவ்வளவுதான். பாம்பெர்க்குக்கு ஆட்கள் போவது புகை பீருக்கு. அது பழைய நகரத்திலேயே கிடைக்கிறது. புறநகரில் போய் என்ன தேடுவது?

திருச்சிக்காரன்:
சார், வுண்டர்பர்க் புறநகரா, நகருக்குள்ளேயா? நிலையத்திலிருந்து நடந்து போய்விட முடியுமா?

ரெக்னிட்ஸ்கரை:
முதலில் இசார்கரைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பழைய நகரத்தில் நீங்கள் குடித்த அந்த ஷ்லென்கெர்லா எங்கே தயாராகிறது தெரியுமா? அந்த மதுக்கடைக்குள் இல்லை. ஊருக்கு மேலே ஷ்டெஃபன்ஸ்பெர்க் குன்றில். பீச் மர நெருப்பில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, காயவைப்பதும் காய்ச்சுவதும் அங்கேதான். புறநகரில் ஒன்றுமில்லை என்கிறவர் குடித்ததே குன்றிலிருந்து இறங்கி வந்த பீர்.

இன்னொன்று. மால்ட்டைத் தாங்களே புகையில் காயவைக்கும் வழக்கத்தை விடாமல் வைத்திருப்பவை அந்த ஊரில் இரண்டே இடங்கள்: ஷ்லென்கெர்லா, 1536-ஐச் சேர்ந்த ஸ்பெட்ஸியல். மற்ற ப்ரூவரிகளின் அன்றாட பீரில் புகை கிடையாது. பாம்பெர்க் என்றால் புகை என்று சொல்வது அரை மணி நேரச் சுற்றுலாப் பார்வை. கீஸ்மனின் பில்ஸ் குடித்தவர் அப்படிப் பேச மாட்டார். காவுல்பெர்க் மேட்டில் 1719 முதல் கிரைஃபென்க்லாவ் ப்ரூவரி இருக்கிறது. அதன் தோட்டத்தில் உட்கார்ந்தால் எதிரே ஆல்டன்பர்க் கோட்டை. அதையும் வீண் என்று எழுதுவீர்களா?

இசார்கரை:
கோட்டை நன்றாக இருக்கும். நான் கேட்டது கேஸைப் பற்றி. பீரின் தரத்தை உலகத்துக்கே சட்டம் போட்டுச் சொன்னது 1516-ல் பவேரியா. எங்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

ரெக்னிட்ஸ்கரை:
வந்துவிட்டது 1516! போன வருடம் முனிச்சின் ஆகஸ்டினர் பீர் பற்றிய விவாதத்திலும் இதே எண்ணை வைத்துத்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். பாம்பெர்க் ஆயர் ஹைன்ரிக் கிராஸ் ஃபான் ட்ரோக்காவ் பீரில் மால்ட், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் தவிர எதுவும் சேரக் கூடாது என்று ஆணையிட்டது 1489-ல். உங்களுக்கு 27 வருடம் முன்னால். அப்போது பாம்பெர்க் பவேரியாவிலேயே இல்லை. 1802-03-ல்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்று நான் தேதி சொன்னபோது "ஆதாரம் எங்கே" என்று கேட்டுவிட்டு நீங்கள் காணாமல் போனது எனக்கு மறக்கவில்லை.

கொழும்புத்துறை:
இரண்டு பேரும் ஆண்டுக் கணக்கை விடுங்கோ. ஷ்டெஃபன்ஸ்பெர்க் கெல்லர்களைப் பற்றி ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. மணற்பாறையைக் குடைந்து பீர் வைத்த நிலவறைகள், அதற்கு மேலே நிழலுக்குக் கஷ்கொட்டை மரங்கள். ஸ்பெட்ஸியல் கெல்லரில் இருந்தால் பேராலயத்தின் நாலு கோபுரமும் தெரியும். நாங்கள் குடும்பமாக அந்தக் குன்றில் ஒரு கெல்லருக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இசார்கரை:
சம்பல் வாசனையோடு பீரா? அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கொழும்புத்துறை:
உங்களுக்கு ஏன் மூக்கு சுளிக்கிறது? பக்கத்து மேசைக்காரர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டாந்தரம் கேட்டவர். சொந்தச் சாப்பாடு கொண்டுபோவது பீர்கார்டன் மரபு என்று பவேரிய அரசின் 1999 பீர்கார்டன் ஆணையின் விளக்கவுரையிலேயே இருக்கிறது.

இசார்கரை:
அந்த ஆணை எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். பீர்கார்டனை இரவில் சீக்கிரம் மூடச் சொன்னதை எதிர்த்து 1995-ல் முனிச்சில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் விளைவுதான் உங்கள் இடியப்பம். அப்புறம், உங்கெஷ்புண்டெட்டில் கேஸ் இல்லை.

ரெக்னிட்ஸ்கரை:
குறைவு வேறு, இல்லை வேறு. குறைவாக இருப்பதால்தான் மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் நாக்கில் நிற்கின்றன, வயிறு உப்புவதில்லை, இரண்டாவது சைட்லா (அரை லிட்டர் கோப்பை) கேட்கத் தோன்றுகிறது. ஜில்லென்று குளிரவைத்து நுரை தள்ளும் ஹெல்லஸைக் குடித்தே பழகிய நாக்குக்கு இது பிடிபட நேரம் ஆகும். அதற்காக ஒரு வட்டாரத்தின் பீரையே கெட்டுப்போனது மாதிரி எழுதக் கூடாது. ஊர் பார்க்க வருகிறவர் உங்கள் பேச்சைக் கேட்டுப் பழைய நகரத்தோடு திரும்பிவிடுவார். என் கோபம் அதுதான்.

திருச்சிக்காரன்:
சார், நிலையத்திலிருந்து நடக்க முடியுமா என்று கேட்டிருந்தேன்.

ரெக்னிட்ஸ்கரை:
முடியும் தம்பி, தெற்கே இருபது நிமிடம். முதலில் மார்ஸ், பிறகு கீஸ்மன். உங்கெஷ்புண்டெட்டில் ஆரம்பியுங்கள்.

இசார்கரை:
சோடா ஒரு பாட்டில் பையில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கேஸ் தேவைப்படும்.

ரெக்னிட்ஸ்கரை:
இசார்கரை, அடுத்த சனிக்கிழமை நேரில் வாருங்கள். என் செலவு. ஒரு சைட்லா குடித்துவிட்டு என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இசார்கரை:
வருகிறேன் அண்ணே, சவாலை விடுகிற ஆள் இல்லை நான். கெல்லரிலேயே உட்காரலாம். நான்கு பாட்டில் ஹெல்லஸ் கையோடு எடுத்து வருகிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம்.

கொழும்புத்துறை:
சாப்பாடு கொண்டுபோகலாம், குடிக்கிறதை அங்கேதான் வாங்க வேண்டும். ஆணையின் வரலாறு சொன்னவருக்கு இது தெரியாதோ?

இசார்கரை:
தெரியும் ஐயா. சம்பல் டப்பாவோடு சட்டம் பேச வராதீர்கள்.