வெவ்வேறு வயதுக் காடைகளை ஒரே கூண்டில் சேர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் மனது ஆறவில்லை. என்னிடம் 12 வாரமான ஜப்பானியக் காடைகள் ஒரு கூண்டில் இருந்தன, 2 ஆண், 7 பெட்டை. இன்குபேட்டரில் வைத்திருந்த அடுத்த செட் முட்டைகள் 17-ஆம் நாளும் 18-ஆம் நாளுமாகப் பொரிந்து 11 குஞ்சுகள் வந்தன. 3 வாரம் முடிவதற்குள் இறகு மூடிவிட்டது, நெஞ்சைப் பார்த்தாலே புள்ளி இருப்பது பெட்டை, செம்பழுப்பாக இருப்பது ஆண் என்று சொல்லிவிடலாம், விளக்குச் சூட்டில் குஞ்சுகளை வைத்திருந்த புரூடர் பெட்டியோ எத்தனை தரம் சுத்தம் செய்தாலும் ஒரே எச்சமும் ஈரமும், சரி இனிமேல் விளக்குச் சூடு வேண்டாமே, பெரியதுகளோடு விட்டுவிடலாம் என்று ஒரு சாயங்காலம் அத்தனையையும் தூக்கி உள்ளே விட்டேன். பத்து நிமிடம் நின்று பார்த்தேன். பெரியவை கழுத்தை நீட்டிப் பார்த்தன, குஞ்சுகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன, சண்டை எதுவும் இல்லை. வந்துவிட்டேன்.

காலையில் 3 குஞ்சுகள் செத்துக் கிடந்தன. இன்னொன்று முகத்தை மூலையில் புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கையில் எடுத்ததும்தான் தெரிந்தது, பின்தலையில் ஒரு இறகு கூட இல்லை, தோல் பிய்ந்து மடங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது, ரத்தம் காய்ந்து கண்ணை மூடிவிட்டிருந்தது. அதைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீதி 7-ஐயும் உடனே வெளியே எடுத்துவிட்டேன். எத்தனை வார வித்தியாசம் வரை தாங்கும், எப்போது சேர்க்கலாம்? சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

*

வாரக் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். 8 வாரத்தையும் 14 வாரத்தையும் சேர்த்திருக்கிறேன், இரண்டு நாள் துரத்தல், அப்புறம் அடங்கிவிட்டது. ஆனால் 2 வாரத்துக் குஞ்சுகளோடு 4 வாரத்தை விட்டபோது வித்தியாசம் 2 வாரம்தானே என்று நினைத்தேன், சின்னவை மிதிபட்டே பாதியாகிவிட்டன. பொரிந்த அன்று 7, 8 கிராம் இருப்பது 6 வாரத்தில் கிட்டத்தட்ட 20 மடங்கு ஆகிற பறவை இது. அந்த ஓட்டத்தில் ஒரு வாரம் முன்னே பின்னே என்பதே பெரிய இடைவெளி. வளர்ந்து முடிந்த பிறகு 6 வாரம் வித்தியாசம் இருந்தாலும் உடம்பு ஒன்றுதான்.

ஒரே புரூடரில் இரண்டு செட் வைப்பதும் அப்படித்தான். ஒரு நாள் குஞ்சுக்கு 35 முதல் 37 டிகிரி வேண்டும், வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சின்னதுக்குச் சூடு வைத்தால் பெரியது வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பெரியதுக்குக் குறைத்தால் சின்னதுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது நசுங்கும். தண்ணீரும் அதே பிரச்சினைதான். 10 நாள் குஞ்சுகள் நன்றாகக் குடிக்கிறதே என்று தட்டில் போட்டிருந்த கூழாங்கற்களை எடுத்தேன், புதிதாகச் சேர்த்த ஒரு நாள் குஞ்சு 2 அதில் விழுந்து செத்தன. அரை அங்குலத் தண்ணீர்கூட இருக்காது.

*

தீவனத்தையும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கொடுக்கும் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வளரும் குஞ்சுக்கு 1 சதவீதத்துக்குள் போதும். ஒரே கூண்டு என்றால் ஒரே தட்டு, குஞ்சுகள் அதையே தின்று தின்று சிறுநீரகம் கெட்டுப்போகும், வெளியே எதுவும் தெரியாது. நான் ஒரு தடவை 5 வாரத்தில் சேர்த்த செட்டுக்கு எல்லாருக்கும் குஞ்சுத் தீவனத்தையே வைத்துவிட்டு, பொடித்த கிளிஞ்சலை மட்டும் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். முட்டையிடுகிறவை தானாகப் போய்க் கொத்திக்கொண்டன, இளசுகள் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை, முட்டை ஓடும் மெலியவில்லை.

*

எக்காரணம் கொண்டும் ஒற்றைப் பறவையை விடாதீர்கள். காலில் அடிபட்ட பெட்டை ஒன்றை 9 நாள் தனியாக வைத்துத் தேற்றித் திரும்ப விட்டேன், விட்டது அதன் கூடவே பொரிந்து கூடவே வளர்ந்த கூட்டத்தில்தான். ஆனாலும் ஊர் பேர் தெரியாத பறவையைப் பார்ப்பது போல நான்கும் சேர்ந்து விழுந்தன. நான் பக்கத்திலேயே இருந்ததால் காப்பாற்றினேன். அப்புறம் அதோடு அமைதியான இரண்டு பெட்டைகளை வேறு கூண்டில் ஒரு வாரம் வைத்து, மூன்றையும் சேர்த்துத் திரும்ப விட்டேன், பிரச்சினை வரவில்லை. அடி மூன்றாகப் பிரிந்துபோகிறது என்பதுதான் விஷயம்.

*

எனக்கு ஒழுங்காக நடந்ததையும் எழுதுகிறேன் தம்பி, இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். இளசுகளுக்கு 7 வாரம் ஆகும் வரை கை வைக்கவில்லை. அதற்குள் ஆண்களைப் பிரித்துவிட்டேன், ஆசனவாய்க்கு மேல் சிவந்து திரண்டு, லேசாக அழுத்தினால் வெள்ளை நுரை வந்தால் அது பருவத்துக்கு வந்த ஆண், பழைய ஆண் இருக்கும் இடத்தில் அதை விட்டால் ரத்தம் பார்க்காமல் ஓயாது. ஓர் ஆணுக்கு 4 பெட்டையாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பெட்டைகளைக் கூண்டின் நடுவில் கம்பி வலை கட்டி 10 நாள் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன், வலையின் இரண்டு பக்கமும் தீவனத் தட்டை ஒட்டி வைத்தேன், எதிரெதிரே நின்று சாப்பிட்டுப் பழகிவிட்டன.

பிறகு வலையை எடுக்கவில்லை, அதுதான் முக்கியம். யாருக்கும் சொந்தமில்லாத வேறு கூண்டைத் தயார் செய்து, விளக்கை அணைத்த பிறகு பழையது புதியது எல்லாவற்றையும் இருட்டில் ஒன்றாக மாற்றினேன். கவிழ்த்த அட்டைப்பெட்டி, இலையோடு இரண்டு கிளை, தீவனத்துக்கு மூன்று தட்டு. துரத்தப்படுகிற பறவை கண்ணில் படாமல் மறைய இடம் கிடைத்தால் துரத்துகிறது அங்கேயே மறந்துவிடும். அடுத்த நாள் முழுக்க வீட்டில் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள். ரத்தம் ஒரு சொட்டு தெரிந்தாலும் அடிபட்டதை அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும், சிவப்பைப் பார்த்தால் எல்லாமே வந்து கொத்தும்.

*

வெளியிலிருந்து வாங்கி வந்த பறவை என்றால் அதற்கும் முன்னால் 3, 4 வாரம் தூரமாகத் தனியே வையுங்கள். வளர்ந்த காடை ரத்தக்கழிச்சலைத் தாங்கிக்கொண்டு சாதாரணமாகத் திரியும், அதன் எச்சத்தை மிதித்த இளசுதான் சாகும். தீவனம் வைக்கும்போதும் நான் முதலில் சின்னவை, அப்புறம்தான் பெரியவை, கையையும் செருப்பையும் கழுவாமல் திரும்ப வர மாட்டேன்.

*

எல்லாருக்கும் நன்றி. 7 வாரம் கழித்து எழுதுகிறேன். பிழைத்த 8-இல் 3 ஆண், அவற்றைச் சேர்க்கவில்லை. 5 பெட்டைகளையும் 7 வாரம் தாண்டியபிறகு அண்ணா சொன்னபடியே வலை கட்டிப் பழக்கி, புதுக் கூண்டுக்கு இருட்டில் மாற்றினேன். முதல் நாள் பழைய பெட்டை ஒன்று மட்டும் விடாமல் துரத்தியது, அதைப் பிடித்து 4 நாள் தனியே போட்டேன், திரும்பி வந்தபோது அதுதான் புதியவளாக இருந்தது, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாகப் போய்விட்டது.

தலை பிய்ந்த குஞ்சும் அந்த 5-இல் ஒன்று. தினமும் உப்புநீரில் துடைத்து அயோடின் தடவி வந்தேன், தோல் ஒட்டிக்கொண்டது, இப்போது பின்தலையில் முள் முள்ளாக இறகு முளைத்திருக்கிறது. இன்று காலை மணல் தட்டில் பழைய பெட்டைகள் இரண்டுக்கு நடுவில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டின் மேலும் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் கொத்தவில்லை.